மேம்படுத்தப்படும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி. ஊரை மேம்படுத்த யோசனை சொல்ற கம்பெனியில அறிக்கை எழுதற வேலை கிடைச்சிருக்காமே. உங்க அப்பாயி வாழைக்காய் மண்டி முழுக்கச் சொல்லிட்டுத் திரியறா. முதல் அறிக்கையே நம்ம திருச்சி காந்தி மார்க்கெட்டைப் பத்தியாம். சரி, அந்தச் சாக்கு மேல ஒக்காரு. ரஸ்தாளித் தார் மேல சாயாதே. சட்டையில வாழைக்கறை புடிச்சா, உங்க கம்பெனி எந்தச் சொல்லைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது.

எழுதிட்டு வந்த காகிதத்தைக் கொடு, பார்ப்போம். "மார்க்கெட் வளாகம் மறுசீரமைக்கப்பட்டு, தரம் உயர்த்தப்பட்டு, நவீன வசதிகளுடன் மேம்படுத்தப்படும்." அடேயப்பா! ஒரு வரிக்குள்ள இம்புட்டு வேலை நடக்குது. வேலை செய்யற ஆள் ஒருத்தனையும் காணோமே, எங்கடா போனான்?

அந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாரு. மேம், படுத்த, படும். எடுத்த எடுப்புல படுத்துருது. அப்பறம் படும். யார் படுவான்னு மட்டும் சொல்லாம விட்டிருக்கே பாரு, அங்கதான் நீ பொழைச்சுக்குவேன்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

இந்த மார்க்கெட்டுல நடுராத்திரி லாரி வந்து நிக்கும். "மூட்டை இறக்கப்படும்"னு ஒருத்தன் சொன்னான்னு வையி, விடியற வரைக்கும் மூட்டை லாரியிலேயேதான் கெடக்கும். "இறக்குடா"ன்னாத்தான் இறங்கும். லோடுமேன் தலையில மூட்டையோட "ஓரம், ஓரம்"னு கத்திக்கிட்டு வர்றானே, அந்த ஒரு சொல்லுல யாரு ஒதுங்கணும், எங்க ஒதுங்கணும், ஒதுங்கலேன்னா என்ன ஆகும்னு எல்லாமே இருக்கு. உன் காகிதத்துல அது எதுவும் கிடையாது. இருக்கவும் கூடாது. செய்யறவன் பேரை எழுதிட்டேன்னா, செய்யலேன்னா யாரைப் புடிக்கணும்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிடும். உன்னை வேலைக்கு வச்சிருக்கறதே அது தெரியாம இருக்கத்தானே?

"நவீன"ன்னு போட்டிருக்கே. நல்ல சொல்லுதான். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் "நவீன அரிசி ஆலை"ன்னு போர்டு மாட்டினப்ப எனக்கு மீசை அரும்பல. இப்ப மீசை நரைச்சு, அதையும் எடுத்தாச்சு. ஆலை இன்னும் நவீனமாத்தான் இருக்கு. அதுக்கு அடுத்து அந்தச் சொல்லை நான் நெறைய இடத்துல பார்த்தது கட்டணக் கழிப்பிடத்து வாசல்ல. மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் படிக்க வேண்டிய நவீனம்.

அடுத்தது "சீர்". இதுல உஷாரா இருக்கணும். நம்ம வீட்டுல சீர்னா என்ன? பொண்ணுக்குத் தாய்வீட்டுலேருந்து தட்டு தட்டா வர்றது. அதனால "சீரமைப்பு"ன்னு காதுல விழுந்ததும், நமக்கும் ஏதோ வரப்போகுதுன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிப்போம். 2022 ஏப்ரல்ல "சொத்து வரிப் பொதுச் சீராய்வு"ன்னு ஒண்ணு வந்துச்சு. சீரை ஆராய்ஞ்சு பார்த்துச் சின்ன வீட்டுக்கே 25 விழுக்காடு ஏத்தினாங்க. பெரிய வீட்டுக்கு அதைவிட மேல. சீர் வந்த வீட்டுக்காரனே மொய்யும் வைக்கிற கல்யாணம் அது ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி 2018 ஜனவரியில பஸ் டிக்கெட்டு ஏறினப்பவும், உசத்திட்டோம்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. "மாற்றியமைப்பு"ன்னாங்க. தொகுதி "மறுசீரமைப்பு"ன்னா இப்ப சென்னையிலேயே பெரிய பெரிய தலையெல்லாம் பதறுது. நம்ம ஊர்ல 2008-லேயே பார்த்தாச்சு. திருச்சி ஒண்ணு, திருச்சி ரெண்டுன்னு இருந்தது கிழக்கு, மேற்குன்னு ஆச்சு. மருங்காபுரின்னு ஒரு தொகுதி இருந்துச்சு, காணாமலே போச்சு. அதுவும் சீர்தான்.

இதைக் கெட்ட புத்தின்னு நினைச்சுடாதே. இலக்கணத்துலயே இடம் இருக்கு. எங்க தமிழ் வாத்தியார் மூணு வழக்கு சொல்லிக் கொடுத்தாரு. அசிங்கமானதை மறைச்சுச் சொன்னா இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாச் சொன்னா மங்கலம். ஒரு தொழில்காரங்க தங்களுக்குள்ள மட்டும் புரியறாப்புல பேசிக்கிட்டா குழூஉக்குறி. மாட்டுத்தாவணியில துண்டைப் போட்டு மூடி வெரலைப் புடிச்சு வெலை பேசுவாங்களே, அது மாதிரி. உன் காகிதத்துல ஒரே வரியில மூணும் இருக்குடா. வாத்தியார் இருந்திருந்தா உன்னைத் தோள்ல தட்டிக் கொடுத்திருப்பாரு, இல்லேன்னா முழங்கால் போட வச்சிருப்பாரு.

மங்கலம்னதும் ஞாபகம் வருது. ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதியில ஒரு வீட்டுக்கு இலைக்கட்டு போடுவேன். ஒருநாள் மாமி உள்ளே பார்த்து, "கத்திரிக்காயைத் திருத்தியாச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நம்ம கத்திரிக்காய் என்னடா தப்பு பண்ணுச்சு, இவங்க கூப்பிட்டு வச்சுத் திருத்தறாங்கன்னு. அப்பறம்தான் தெரிஞ்சுது, அங்க நறுக்கறதுக்குப் பேரே திருத்தறதுதான். பெருமாளுக்குப் போற காயை வெட்டறதுன்னு சொல்ல நாக்கு வராது. அதனால திருத்தறது. கேக்க எவ்வளவு பதமா இருக்கு! ஆனா பேராண்டி, சொல்லு மங்கலமானாலும் அருவாமணை அருவாமணைதான். கத்திரிக்காயைக் கேட்டுப் பாரு, அது சொல்லும்.

இந்தத் "திருத்து" மாதிரி ஒரு சொல்லு உலகத்துல கிடையாது. மேட்டை வெட்டிப் பள்ளத்துல போட்டா நெலத்தைத் திருத்தறது. சிவப்பு மையில சுழிச்சா பரீட்சைத்தாள் திருத்தறது. கத்திரிக்கோல் புடிச்சா முடி திருத்தறது. போர்டுல "முடி திருத்தகம்"னே எழுதியிருக்கான். ஸ்ரீரங்கம் கோயில்ல யார் யாருக்கு என்ன ஊழியம்னு உடையவர் ராமானுஜர் திருத்தி வச்சதா கோயிலொழுகுங்கற பழைய ஏடு சொல்லுது. அது மனுசனைத் திருத்தறது, எல்லாத்தையும்விட கஷ்டம். 2025 கடைசியில வாக்காளர் பட்டியலுக்கே "சிறப்புத் தீவிரத் திருத்தம்"னு வந்துச்சே. பேர்ல இருக்கற எழுத்துப்பிழையைத் திருத்தப் போறாங்கன்னு நினைச்சேன். பேர் இருக்கா போச்சான்னு ஊரே காகிதத்தைப் புரட்டிக்கிட்டு நின்னுச்சு. எல்லாத்துலயும் ஒண்ணு கவனிச்சியா? எங்கயாவது ஒரு இடத்துல ஏதாவது வெட்டுப்படாம திருத்தம் நடக்கறதே இல்ல. அதனால உன் அறிக்கையில "திருத்தம்"னு எழுதற எடத்துல, பேனாவை வச்சுட்டு, எதை வெட்டப் போறாங்கன்னு ஒருதரம் தேடு. எழுதவேணாம். உனக்குத் தெரிஞ்சா போதும்.

வெட்டி நல்லது நடந்ததும் உண்டு, இல்லேங்கல. நான் பள்ளிக்கூடத்துல "லை" எழுதணும்னா யானை தும்பிக்கையைத் தூக்கினாப்புல ஒரு வளைவு போடணும். ணை, னை, ளை எல்லாத்துக்கும் தும்பிக்கைதான். ணா, றா, னாவுக்கு வேற மாதிரி சுழி. பலகையில நான் போட்ட தும்பிக்கை வாலாட்டம் இருக்குன்னு குட்டு வாங்கியிருக்கேன். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில அதையெல்லாம் விட்டுட்டாரு. அரசாங்கம் 1978-ல, எம்.ஜி.ஆர். இருந்தப்ப, 13 எழுத்துக்கு ஆணை போட்டுச்சு. அதுக்குப் பேரு எழுத்துச் சீர்திருத்தம். உண்மையான சீர்திருத்தம்டா அது. அச்சுக் கோக்கறவனுக்கு வேலை குறைஞ்சுது, புள்ளைங்களுக்குக் குட்டு குறைஞ்சுது. இந்த மண்டியில தொங்கின பழைய போர்டையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி எழுதினாங்க. "விலை"ங்கற சொல்லுல தும்பிக்கை போயிருச்சு. விலை மட்டும் குறையல.

பேர் மாத்தறதும் ஒரு மேம்பாடுதான், செலவு கம்மி. இந்த எடம் 1860-கள்ல கோட்டை மார்க்கெட்டுன்னு ஆரம்பிச்சது. 1927-ல பெருசாக்கினாங்க. ரத்தினவேல் தேவர் நகராட்சித் தலைவரா இருந்த காலத்துல காந்தி பேர் வச்சாங்க. காந்தி பேர் வச்சதும் தராசு நிமிர்ந்துச்சான்னு என்கிட்ட கேக்காதே, நான் மண்டியில நாலு பேர் முகத்துல முழிக்கணும். ஆட்டோக்காரன்கிட்ட சும்மா "மார்க்கெட்டு"ன்னு சொல்லு, போதும், இங்கதான் கொண்டாந்து விடுவான்.

ஜனங்க தாங்களா ஒரு சொல்லை மேம்படுத்தினா எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? வாசல்ல இருக்கற ரோட்டுப் பேரைப் படி. கீழப்புலிவார்டு ரோடு. வெள்ளைக்காரன் கோட்டை மதிலை இடிச்சு, அகழியைத் தூர்த்து, அது மேல ரோடு போட்டு, "பூலேவார்டு"ன்னு பேர் வச்சான். மரம் வச்ச அகல ரோடாம். நம்ம ஆளுங்க கேட்டாங்க. இதுல ஒரு குறை இருக்கேன்னு நினைச்சு உள்ள ஒரு புலியை வுட்டாங்க. புலிவார்டு! மரம் போயிருச்சு, அகலம் போயிருச்சு, புலி மட்டும் இன்னிக்கும் கீழயும் மேலயும் ஒக்காந்திருக்கு. டெண்டர் இல்ல, கமிட்டி இல்ல, காலணா செலவு இல்ல. அதைப் போய்த் திருத்தணும்னு உன் அறிக்கையில எழுதினே, கையை ஒடிச்சுப்புடுவேன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். மார்க்கெட்டைச் சுத்தப்படுத்தணும், சந்து சந்தா நெரியுது, லாரி நொழைஞ்சா தஞ்சாவூர் ரோடு வரைக்கும் நிக்குதுன்னு எழுதியிருக்கே. நிஜம்தான். மழைக்காலத்துல அழுகின முட்டைக்கோஸ் மேல வழுக்கி நானே ஒரு தரம் சாஷ்டாங்கமா விழுந்திருக்கேன். பக்கத்துல நின்னவன் எந்தச் சாமிக்குன்னு கேட்டான். ஆக, ஏதாவது செய்யணும்கிறதுல எனக்கும் உனக்கும் சண்டை இல்ல.

செஞ்சாங்களே! மதுரை ரோட்டுல மணிகண்டத்துக்கிட்ட கள்ளிக்குடி. அங்க 77 கோடி ரூபா போட்டு, ஆயிரம் கடைக்கிட்ட கட்டி, காய்க்கும் கனிக்கும் பூவுக்கும்னு மத்திய வணிக வளாகம் 2017-ல திறந்தாங்க. அதே வருஷம் ஜூன்லதான் திருச்சி ஸ்மார்ட் சிட்டிப் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அந்த வருஷம் ஊர்ல எவன் வாயைத் தொறந்தாலும் மேம்பாடுதான் விழும். கள்ளிக்குடியில கட்டடம் பளிச்சுன்னு இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். வியாபாரிங்க போனாங்க. கடை அகலத்தைக் கையை விரிச்சு அளந்து பார்த்தாங்க. தூரத்தைப் பார்த்தாங்க. திரும்பி வந்தாங்க. மண்டியில இதுக்குன்னு ஒரு சொல்லு உண்டு, உன் அகராதியில இருக்கான்னு தெரியல: "தேறாது." வெங்காய மூட்டையில கையை வுட்டு, ஒண்ணை அமுக்கிப் பார்த்துட்டுச் சொல்ற சொல்லு அது. 2018-ல இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாங்க. கொஞ்சம் பேர் போய்க் கொஞ்ச நாள் ஒக்காந்துட்டு எழுந்து வந்துட்டாங்க.

ஏன் தேறல? இதை மட்டும் நல்லாக் கேட்டுக்க, மத்ததை மறந்தாலும் பரவாயில்ல. மார்க்கெட்டுன்னா கடைங்கன்னு உங்க வரைபடத்துல பொட்டி பொட்டியாப் போட்டிருக்கே. அது இல்ல. உறையூர்ல மெஸ் வச்சிருக்கறவன் விடியக்காலம் வர்றான். வெங்காய மண்டியில பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் ஒரு மூட்டை, இங்க ரெண்டு இலைக்கட்டு, அந்தாண்ட கீரை, அப்படியே பெரிய கடை வீதிப் பக்கம் போய் மளிகை, பாத்திரக்கடையில ஓட்டை விழுந்த அண்டாவுக்கு ஒரு பத்து. எல்லாம் ஒரே வண்டியில ஏத்திக்கிட்டு, இட்லி வேகறதுக்குள்ள வீட்டுல இருப்பான். மண்டிக்காரன் கழிச்சுப் போடறதைப் பாலக்கரை அம்மா எடுத்து, நல்லதாப் பொறுக்கி, கூறு கட்டி வாசல்ல ஒக்காந்து விக்கும். அதுலயும் மிஞ்சினது மாட்டுக்குப் போகும். ஒருத்தன் கழிச்சதுல அடுத்தவன் பொழைக்கறான். இதுலேருந்து மண்டியை மட்டும் பேத்து எடுத்து மதுரை ரோட்டுல நட்டா, மெஸ்காரன் அங்க ஒரு தடவை, இங்க ஒரு தடவைன்னு ஓடணும். அந்தம்மா பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போய்க் கழிவு பொறுக்கணும். 77 கோடியில அந்தம்மாவோட பஸ் காசு சேர்ந்திருந்துச்சான்னு நீதான் கணக்குப் பார்க்கணும். நீதானே படிச்சவன்?

இதுல வியாபாரிங்க எல்லாம் யோக்கியம்னும் எழுதிடாதே. அவங்களும் ஒரு சொல்லு வச்சிருக்காங்க, "பாரம்பரியம்"னு. கடையை நடைபாதையில மூணடி நீட்டி வச்சிருக்கான்ல, அந்த மூணடியும் பாரம்பரியம். முப்பாட்டன் நீட்டினான், அப்பன் நீட்டினான், இவன் சுருக்கினா குலதெய்வம் கோவிச்சுக்கும். மாற்றம்னு ஒரு பக்கம், பாரம்பரியம்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவுல லோடுமேன் மூட்டையோட "ஓரம், ஓரம்"னு நிக்கிறான்.

அப்பறம் 2020 மார்ச்சுல கொரோனா வந்துச்சு. கோடி கோடியாக் கொட்டி நகராத மார்க்கெட்டை, கண்ணுக்குத் தெரியாத பூச்சி நகர்த்திருச்சு. மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு. சில்லறை ஊர் பூரா செதறுச்சு. அதுக்குப் பேரு "தற்காலிக மாற்று ஏற்பாடு". வெயில்ல புழுதி, மழையில சேறு. அங்க நட்டு வச்சிருந்தா வாழையே வந்திருக்கும். இங்க திறக்கக் கூடாதுன்னு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில தடை வேற. அது நீங்கி நவம்பர் கடைசியிலதான் கதவு தொறந்துச்சு. எட்டு மாசம்டா. மண்டி முதலாளி நட்டப்பட்டாரு, கணக்குப் புத்தகத்துல எழுதி வச்சாரு, அடுத்த வருஷம் ஈடு கட்டிக்கிட்டாரு. தரைக்கடைக்காரி எந்தப் புத்தகத்துல எழுதும்?

அன்னிக்கு ஜி கார்னர்ல சேத்துல நின்னப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. சொல்லு நீள நீள, நகர வேண்டிய ஆள் சின்னவனாயிட்டே போறான். "வெள்ளையடி"ன்னா கடை மொதலாளி நாற்காலியைத் தூக்கி வெளியில போடணும். "மராமத்து"ன்னா கொத்தனார் வந்து ரெண்டு நாள் கடையை மூடணும். "புனரமைப்பு"ன்னா வாடகைக்காரன் நகரணும். "ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஆக்கிரமிப்பு அகற்றம்"னு முழம் முழமா வந்துச்சுன்னா, சாக்கு விரிச்சு கொத்தமல்லி வச்சிருக்கற கிழவி நகரணும். அவ்வளவு நீளச் சொல்லுக்கு அவ்வளவு சின்னச் சாக்கு.

மராமத்துன்னேன்ல, அதை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்ல சொல்லு. அரபு தேசத்துலேருந்து வந்து நம்ம ஏரி குளத்துல முங்கி எழுந்து தமிழாயிருச்சு. குடிமராமத்துன்னா வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வரணும்னு அர்த்தம். வராதவனை இழுத்துக்கிட்டு வர்றதுக்கு 1858-லேயே சட்டம் போட்டிருக்காங்கன்னா, டிமிக்கி குடுக்கறது அப்பவே இருந்திருக்கு பாரு. 2017-ல அரசாங்கம் அதே பேர்ல திட்டம் ஆரம்பிச்சு, பாசனக்காரங்க பத்துல ஒரு பங்கு போடணும்னு வச்சாங்க. சொல்லு பழசு, ரசீது புதுசு. இருந்தாலும் "தூர் வாரு"ங்கற சொல்லுல சேறு ஒட்டியிருக்குடா. அதைச் சொல்லிட்டு வேட்டி கசங்காம நிக்க முடியாது. ஜூன் 12-ல மேட்டூர் தொறக்கறதுக்குள்ள வாரினா அதுக்குப் பேரு தூர் வாருறது. தொறந்தப்பறம் வாரினா அதுக்குப் பேரு வேற, அதை உங்க அப்பாயி முன்னாடி சொல்ல முடியாது.

பூசி மெழுகாத சொல்லு என்ன பண்ணும்னு இன்னொண்ணு சொல்றேன். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நான் பார்க்கறப்ப மொட்டையா நின்னுச்சு. அடியில மட்டும் கட்டி, நூத்துக்கணக்கான வருஷம் அப்படியே. ஜனங்க அதை "மொட்டைக் கோபுரம்"னாங்க. வளர்ந்து வரும் கோபுரம்னோ, மேம்பாட்டில் உள்ள கோபுரம்னோ எவனும் சொல்லல. எல்லாரும் வாய்க்கு வாய் மொட்டை மொட்டைன்னு சொன்னா யாருக்காவது ஒரு நாள் உறுத்தத்தானே செய்யும்? அகோபில மடத்து 44-ம் பட்டத்து ஜீயருக்கு உறுத்துச்சு. 13 நிலை, 236 அடி, 1987-ல முடிச்சாங்க. இதையே அன்னிக்கு உன் கையில குடுத்திருந்தா "படிப்படியாக நிறைவு செய்யப்படும் கோபுரம்"னு எழுதியிருப்பே. படிச்சவன் எல்லாம் அதான் நடக்குதேன்னு வீட்டுக்குப் போயிருப்பான். கோபுரம் இன்னும் மொட்டையாத்தான் நிக்கும். நல்லவேளை, அப்ப நீ பொறக்கல.

சிரிக்காதே. உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன், கீரைக்காரங்கிட்ட கத்துக்கிட்டது. சாயங்காலம் வாடின கீரை மேல தண்ணி தெளிப்பான். பச்சைப்பசேல்னு நிமிரும். வாங்கிட்டுப் போய்ச் சட்டியில போட்டா கொழகொழன்னு போயிடும். உன் சொல்லுங்க எல்லாம் அந்தத் தண்ணிதான். தெளி, வேணாங்கல. சம்பளம் குடுக்கறவன் தெளிக்கத்தான் சொல்லுவான். ஆனா தெளிச்ச கீரையை நம்ம வீட்டுக்கே வாங்கிட்டு வந்துடாதே.

அடுத்து பஞ்சப்பூரைப் பத்தியும் எழுதச் சொல்லுவாங்க. 2025 மே மாசம் அங்க பெரிய பஸ் நிலையத்தைத் தொறந்தாங்க, கூடவே பெரியார் பேர்ல காய்கனி அங்காடிக்கு அடிக்கல்லும் நட்டாங்க. இருநூறு கோடிக்கு மேல செலவு. "ஒருங்கிணைந்த"ன்னு அதுக்கும் ஒரு பட்டம் உண்டு. நல்லா வரட்டும். கள்ளிக்குடியைப் பார்த்துட்டு யாராவது ஏதாவது கத்துக்கிட்டிருப்பாங்கன்னு நம்பறேன். நம்பறதுக்கு வரி கிடையாது. நீ போனா கட்டடத்தைப் பார்த்துட்டு வந்துடாதே. லால்குடியிலேருந்து ராத்திரி ரெண்டு மணிக்குத் தார் ஏத்திட்டு வர்ற வண்டி எந்த வழியா நொழையும், எங்க திரும்பும்னு கேளு. லோடுமேன் மூட்டை இறக்கிட்டு எங்க காலை நீட்டுவான்னு கேளு. அழுகலை எந்த நேரத்துக்கு யார் அள்ளுவா, அள்ள வரலேன்னா எந்த ஆளைக் கூப்பிடணும், அவர் பேரு என்னன்னு கேளு. பாலக்கரை அம்மா சாக்கை எங்க விரிக்கும்னு கேளு. "வழிவகை செய்யப்படும்"னு பதில் வந்துச்சுன்னா, காகிதத்துல எழுதிக்க, ஓரத்துல பென்சிலால "தேறாது"ன்னும் எழுதிக்க. உங்க மேனேஜர் பார்த்து என்னன்னு கேட்டா, எங்க தாத்தாவோட குழூஉக்குறின்னு சொல்லு.

சரி, பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. ரெண்டு டீ சொல்லு, எனக்குச் சக்கரை தூக்கலா. டாக்டர் குறைக்கச் சொன்னாரு; அது "மறுபரிசீலனையில் உள்ளது"ன்னு சொல்லிக்கலாம். காசு நீ குடு, மேம்பட்ட சம்பளம் வாங்கறவன். "வழங்கப்படும்"னு மட்டும் சொல்லிடாதே, அந்த டீக்கடைக்காரன் பொல்லாதவன், கிளாஸைத் திருப்பி வாங்கிடுவான்.